மான் இல்லாத வேட்டை

குறுக்குவில்லால் ஒரு பெண்மானைக் கொன்றேன் என்பதை இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருவர் சென்னையில் இருக்கும் கவிஞர், என் நெடுநாளைய நண்பர். மற்றவர் ஒஹையோவில் என்னோடு வேலை பார்க்கும் அமெரிக்கர், நாற்பது வருஷமாக வில்லால் மான் அடிப்பவர். மானைக் கொல்ல எப்படி ஐயா மனசு வந்தது என்று கவிஞர் கேட்டார். குறுக்குவில்லால் அடித்தது வேட்டையே ஆகாது என்றார் வில்லாளி. ஒருவருக்கு நான் செய்தது மிக அதிகம், மற்றவருக்குப் போதாது. இருவரும் எதிரெதிர் மூலைகளில் நிற்பதாகத் தோன்றும். அப்படியில்லை, இருவர் செய்வதும் ஒரே காரியம்தான் என்பது என் கட்சி. இருவர் பேச்சிலும் மான் இல்லை.

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் அதை மத்தியகால ஐரோப்பாவைக் காட்டும் சினிமாக்களில் மட்டும் பார்த்திருப்போம். துப்பாக்கிக்கு இருப்பதுபோல ஒரு கட்டை. அதன் முன்நுனியில் படுக்கை வாட்டில் ஒரு வில். நுனியில் உள்ள வளையத்தில் காலை மாட்டித் தரையோடு அழுத்திக்கொண்டு, கயிறு போட்டு நாணை இரண்டு கையாலும் இழுத்தால் அது ஒரு கொக்கியில் போய் உட்காரும். நான் எடுத்துப்போனதின் இழுவை 150 பவுண்டுக்குச் சற்று மேலே. கயிற்றில் உள்ள கப்பி அதில் பாதியை வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு நாணைப் பிடித்துக்கொண்டிருப்பது கொக்கியின் பொறுப்பு, தோளின் பொறுப்பல்ல. சுமார் இருபது அங்குல நீள அம்பு. முனையில் சவர பிளேடு மாதிரி வெட்டுவாய்கள். கண்ணாடி வழியாகக் குறிபார்த்து விசையை அழுத்தினால் வினாடிக்கு 350 அடி வேகத்தில் போகிறது.

வில்லாளி நண்பரின் வாதம் அற்பமானதல்ல. சாதாரண வில்லில், மான் இருபது கெஜத்துக்குள் வந்த பிறகுதான் நாணை இழுக்க முடியும். அந்த அசைவை மான் பார்த்துவிடும். அதன் கண் வேறு பக்கம் திரும்பும் இரண்டு வினாடிக்குள் இழுத்து, நடுங்காமல் நிறுத்தி, விட வேண்டும். இதற்கு வருஷக்கணக்கில் பழக வேண்டும். குறுக்குவில்காரனோ விடிவதற்கு முன்பே நாணை மாட்டி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரே பிற்பகல் பயிற்சியில், 30 கெஜத்தில், காப்பி சாஸர் அளவு வட்டத்துக்குள் அவனால் அம்பைப் போட முடிகிறது. நானே போட்டேன். ஆகவே கஷ்டம் போயிற்று. ஆகவே வேட்டையும் போயிற்று என்கிறார் நண்பர். முதல் ‘ஆகவே’ சரி. பித்தலாட்டம் இரண்டாவது ‘ஆகவே’யில் இருக்கிறது.

இந்தக் குரல் நமக்குப் பழக்கமானது. 1959இல் ‘எழுத்து’ வரத் தொடங்கிய நாளிலிருந்து கேட்டிருக்கிறோம்: யாப்பை விட்டால் எவன் வேண்டுமானாலும் எழுதிவிடுவான். எழுதினான், வாஸ்தவம். யாப்புத் தெரிந்தவர்களும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். தளை தட்டாமல் வெண்பா எழுதுவது கஷ்டம். அந்தக் கஷ்டத்தைத் தாண்டியவர்கள் எழுதிக் குவித்த கல்யாண வாழ்த்துகளும் சரமகவிகளும் எத்தனை வண்டி பாரம்! கஷ்டம் என்பது தன்னளவில் ஒரு மதிப்பு அல்ல. எதன் கஷ்டம் என்று கேட்க வேண்டும். கழைக்கூத்தாடியின் கஷ்டம் கயிற்றோடு முடிந்துவிடுகிறது. வேட்டைக்காரனின் கஷ்டம் வில்லோடு முடிந்துவிட்டால் அவனும் கழைக்கூத்தாடிதான். அவன் ஆட்டத்துக்கு ஓர் உயிர் எதற்கு? வைக்கோல் பொம்மை போதும்.

கருவியின் மேல் வரும் இந்தக் கோபத்துக்கு நீண்ட வம்சாவளி உண்டு. 1139இல் இரண்டாம் லாத்தரன் சங்கத்தில் கூடிய பாதிரிமார்கள், கிறிஸ்தவர்கள்மேல் குறுக்குவில்லைப் பிரயோகிப்பதைச் சபித்துத் தடை செய்தார்கள். குறுக்குவில்லைப் பழிக்கிற இன்றைய வில்லாளிகள் இந்தத் தடையை உற்சாகமாக எடுத்துச் சொல்வார்கள். அதே வாசகத்தில் சாதாரண வில்லாளிகளையும் சேர்த்தே சபித்திருந்ததைச் சொல்ல மாட்டார்கள். தடையை யாரும் பொருட்படுத்தவில்லை. 1199இல் இங்கிலாந்து மன்னன் ரிச்சர்ட், பிரான்ஸில் ஷாலு என்ற சின்னக் கோட்டையை முற்றுகையிட்டபோது, மதிலிலிருந்து வந்த குறுக்குவில் அம்பு தோளில் பட்டு, புண் அழுகிச் செத்தான். பிள்ளைப்பிராயம் முதல் யுத்தம் பயின்று, ஒரு கிராமத்து வருமானத்தைக் கவசத்தில் போட்டவனை, சில வாரம் பழகியவன் சாய்த்துவிடலாம் என்றால் பிரபுக்களுக்குக் கோபம் வராதா? கோபம் கொலையைப் பற்றியதல்ல. யார் கொல்லலாம் என்பதைப் பற்றியது.

அமெரிக்காவிலும் கதை இதுதான். பல மாநிலங்களில் குறுக்குவில் முதலில் ஊனமுற்றோருக்கு மட்டும், அதுவும் டாக்டர் சர்டிபிகேட்டோடு. பென்சில்வேனியாவில் எல்லோருக்கும் திறந்துவிட்டது 2009இல். விஸ்கான்சினில் 2014இல். ஒஹையோ 1970களிலேயே அனுமதிக்கத் தொடங்கிவிட்டது. இன்று அங்கே மற்ற வில்களால் விழும் மானைவிடக் குறுக்குவில்லால் விழும் மான் அதிகம். தோள்பட்டை போன கிழவர்கள், தொழிற்சாலை ஷிப்டு முடிந்து பொழுது சாய்வதற்குள் இரண்டு மணி நேரம் கிடைக்கிறவர்கள், பெண்கள், என்னைப்போல் நடுவயதில் வந்து சேர்ந்தவர்கள் என்று ஒரு கூட்டம் உள்ளே வந்துவிட்டது. ‘கலப்படம்’ என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முகத்தில் தெரிகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் நண்பர் கையில் இருக்கும் வில் என்ன வில்? கப்பிவில். மிசௌரிக்காரரான ஹாலெஸ் ஆலன் 1969இல் காப்புரிமை வாங்கிய யந்திரம். இரண்டு நுனியிலும் உருளைகள். முழுக்க இழுத்தபின் பாரத்தில் சுமார் எண்பது சதவிகிதத்தை உருளைகள் தாங்கிக்கொள்ளும். 70 பவுண்டு வில்லில் விரலுக்கு மிஞ்சுவது 14 பவுண்டு. அந்த 14 பவுண்டையும் விரல் தொடுவதில்லை. மணிக்கட்டில் கட்டிய ஒரு விசைக்கொக்கி நாணைப் பிடித்துக்கொள்கிறது. குறிபார்க்க வெளிச்சமூட்டிய ஊசிகள். தூரம் அளக்க லேசர். எழுபதுகளில் இந்தக் கப்பிவில் வந்தபோது, மரவில்காரர்கள் இதையும் வில்லில்லை என்றுதான் சொன்னார்கள். அன்று வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்துகிறார்கள். நம் இலக்கிய மடங்களின் நடைமுறை தெரிந்தவர்களுக்கு நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

இவர்கள் மடத்துக்குப் பெயர் போப் அண்ட் யங் கிளப். 1961இல் ஏற்பட்டது. வில்லால் கொன்ற பெரிய மிருகங்களின் பதிவேட்டை வைத்திருக்கிறது. கப்பிவில் அதில் சேரும், குறுக்குவில் சேராது. பெயரில் உள்ள போப், சாக்ஸ்டன் போப் என்ற டாக்டர். அவர் வில் கற்றுக்கொண்டது யாரிடம்? இஷியிடம். அது அவருடைய பெயர்கூட அல்ல. அவர் மொழியில் ‘மனிதன்’ என்று அர்த்தம். சொந்தப் பெயரை அவர் யாருக்கும் சொல்லவில்லை. கலிபோர்னியாவின் யாஹி இனத்தைக் குடியேறிய வெள்ளையர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சுட்டுக் கொன்று முடித்தார்கள். மிஞ்சிய ஒருவராக 1911இல் காட்டிலிருந்து வெளியே வந்தவரைப் பல்கலைக்கழக மியூசியத்தில் குடிவைத்தார்கள். டாக்டர் போப் அவருக்கு வைத்தியம் பார்த்தார், அவரிடம் வில்லும் அம்பும் செய்யப் படித்தார், கூடவே வேட்டைக்குப் போனார். 1916இல் இஷி க்ஷயரோகத்தில் இறந்தார். உடலை அறுத்து மூளையை எடுத்தார்கள். அது வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் வசம் இருந்து, 2000ஆம் ஆண்டில்தான் கலிபோர்னியப் பழங்குடியினரிடம் திரும்பியது. போப் 1923இல் வில்வேட்டை பற்றிப் புத்தகம் எழுதினார். அதிலிருந்து ஓர் இயக்கம், அதிலிருந்து ஒரு கிளப், அதிலிருந்து ஒரு தூய்மை. போப்புக்கு இஷிமேல் உண்மையான பிரியம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் இனம் பசிக்காக ஏந்திய வில்லை, அந்த இனம் அழிந்தபின் எடுத்து, பசி இல்லாதவர்கள் கௌரவப் பரீட்சையாக மாற்றிக்கொண்டு, அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இனி நான் போன வேட்டை. ஆரம்பநிலை ஆசாமிகளுக்கு அங்கே ஒரு வகுப்பு உண்டு, முடித்தால்தான் லைசென்ஸ். அதன்மேல் மானுக்கென்று தனி பர்மிட். நிலச் சொந்தக்காரரின் எழுத்துமூலமான சம்மதம். தென்கிழக்கு ஒஹையோவின் குன்றுப் பகுதியில், ஓக் மரங்களுக்கு நடுவே, பதினெட்டு அடி உயரத்தில் ஒரு பரண். இடுப்புக்கும் தோளுக்கும் வார் போட்டு மரத்தோடு கட்டிக்கொள்ள வேண்டும். அக்டோபர் கடைசி வாரம். வெள்ளை ஓக்கின் கொட்டைகள் விழுந்துகொண்டிருந்தன. சிவப்பு ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு ஜாஸ்தி. மான்கள் வெள்ளையைத்தான் முதலில் தேடி வரும்.

முதல் நாள் சாயங்காலம் ஒரு பெண்மான் வந்தது. நாற்பது கெஜத்தில் நின்றுவிட்டது. பரண் இருந்த திசையைப் பார்த்தது. முன்னங்காலால் தரையை உதைத்தது. தலையைக் குனிந்து மேய்வதுபோல் பாவனை செய்து, சட்டென்று தூக்கிப் பார்த்தது. நான் அசைகிறேனா என்று பரீட்சை. மறுபடி குனிந்தது, மறுபடி தூக்கியது. நம் கவிதைகளில் வரும் மருண்ட விழிகள் எங்கே என்று தேடினேன். அந்த முகத்தில் மருட்சி இல்லை. இருந்தது விசாரணை. அதற்குள் காற்று திரும்பியது. மூக்கால் பலமாக ஊதிவிட்டு, வெள்ளை வாலைக் கொடிமாதிரி தூக்கிக்கொண்டு போய்விட்டது. 150 பவுண்டு இழுவையும் கண்ணாடியும் கொக்கியும் என் மடியில் தயாராகத்தான் இருந்தன. வில்லாளி நண்பர் எந்தக் கஷ்டம் போய்விட்டது என்கிறாரோ, அது இந்தக் கஷ்டம் அல்ல. அவர் வில்லில் இருப்பதாகச் சொல்வது அந்த மானின் மூக்கில் இருந்தது.

இரண்டாம் நாள் இன்னொன்று அறுபது கெஜத்தில் மேய்ந்தது. குறுக்குவில் கம்பெனிகள் கண்ணாடியில் நூறு கெஜம் வரைக்கும் கோடு போட்டு விற்கின்றன. இந்த இடத்தில் நான் வில்லாளிகளின் பக்கம். அறுபது கெஜம் என்றால் 180 அடி. அம்புக்கு அரை வினாடி. நாண் தெறிக்கும் சப்தம் அந்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஓடுவதற்காக மான் முதலில் உடலைத் தாழ்த்தும். நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகில் பாயும், அல்லது குடலில். குடலில் பட்ட மான் உடனே சாகாது. எட்டு மணி, பன்னிரண்டு மணி நேரம் எங்கோ ஒரு புதரில் படுத்துக்கிடக்கும். கருவி சுலபமானால் அதை ஏந்துகிறவனின் நிதானம் இரட்டிப்பாக வேண்டும். யாப்பை விட்டவனுக்கும் இதே கணக்குத்தான். விட்டவர்களில் எத்தனை பேர் கட்டினார்கள் என்பது வேறு விஷயம். நான் விசையைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் காலை, சூரியன் வந்து கால்மணி நேரத்துக்குள், பிணையும் அந்த வருஷத்து மறியும் வந்தன. (பிணை, மறி, கலை என்று பெண்ணுக்கும் குட்டிக்கும் ஆணுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்த பாஷை இது. இன்றைய கவிதையில் எல்லாம் வெறும் ‘மான்’. ஆண்மானுக்குக் ‘கலை’ என்று பெயர் இருப்பதை வைத்துச் சிலேடை செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து அடுத்த பத்திக்குப் போகலாம்.) மறி பெரிதாகியிருந்தது. உடம்பில் புள்ளி இல்லை, பால்குடி மறந்த வயசு, தனியே பிழைத்துக்கொள்ளும். தாய் இருபத்திரண்டு கெஜத்தில் பக்கவாட்டில் நின்றது. முன்னங்கால் ஓரடி முன்னே போனது. தோளுக்குப் பின்னால், உடலின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் குறிவைத்து அழுத்தினேன்.

அம்பு பட்ட மானைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியிருக்கிறோம். விழுகிறது, கண்ணீர் வடிக்கிறது, ஏன் என்று கேட்கிறது. நான் பார்த்தது இது. பின்னங்கால் இரண்டையும் கழுதைபோல் உதைத்தது, ஓடியது. குரல் இல்லை. ஏழெட்டு வினாடியில் சரிவில் சருகுகள் நொறுங்கும் சப்தம், அப்புறம் ஒன்றுமில்லை. துப்பாக்கி ரவை மாதிரி அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. வெட்டி, ரத்தத்தை வெளியேற்றிக் கொல்கிறது. மறி ஓடவில்லை. தாய் போன திசையைப் பார்த்து நின்றது, என் பக்கம் பார்த்தது, இரண்டு கொட்டைகளைத் தின்றது, பிறகு மெல்ல நடந்து போனது. அரைமணி நேரம் நான் இறங்கவில்லை. உடனே துரத்தினால் சாகிற மிருகம் எழுந்து ஓடும். இறங்கிப் போனபோது அம்பு மறுபக்கம் மண்ணில் குத்தி நின்றது. மேப்பிள் சருகுகளில் நுரைத்த, வெளிர் சிவப்பு ரத்தம். நுரையீரல் என்று அர்த்தம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நாலு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பச்சையும் நாற்றமும் என்றால் குடல். எழுபது கெஜத்தில் கிடந்தது. கண் திறந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், இமைக்கவில்லை. வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தபோது ஆவி வந்தது. அந்தக் குளிரில் விரல்களுக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது. இதை நான் எழுதவில்லை என்றால் மற்றதெல்லாம் பொய்.

கவிஞர் நண்பருக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் ஆட்டுக்கறி சாப்பிட்டிருக்கிறேன், நன்றாகவே இருக்கும். எலும்போடு அரை கிலோ, கொஞ்சம் ஈரல் என்று கசாப்புக்கடையில் சொல்லத் தெரிந்த மனிதருக்கு மான் என்றதும் நெஞ்சு இளகுகிறது. காரணம், ஆடு ஒரு பிராணி. மான் ஒரு படிமம். படிமத்தைக் கொன்றதுதான் என்மேல் உள்ள புகார். இந்தியாவில் மான் வேட்டை 1972ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அது சரியான சட்டம். அதைத் தளர்த்து என்று நான் கேட்கவில்லை. ஒஹையோவின் நிலைமை வேறு. 1904 வாக்கில் அந்த மாநிலத்தில் ஒரு மான்கூட இல்லை. இறைச்சி வியாபாரத்துக்காகச் சுட்டும் காட்டை அழித்தும் தீர்த்திருந்தார்கள். அமெரிக்கா முழுவதிலும் வெள்ளைவால் மான் ஐந்து லட்சத்துக்கு இறங்கியிருந்தது என்று சொல்வார்கள். இன்று சுமார் மூன்று கோடி. திரும்பி வந்ததற்கு ஒரு காரணம் சட்டமும் காடும். இன்னொரு காரணம் வேட்டைக்காரர்களின் காசு. 1937ஆம் வருஷச் சட்டம் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இருந்த வரியை வனவிலங்குக்கு ஒதுக்கியது. 1972இல் வில்லையும் அம்பையும் சேர்த்தார்கள். ஓநாயும் மலைச்சிங்கமும் போய்விட்ட காட்டில் மான் பெருகினால் ஓக் கன்று தலையெடுப்பதில்லை. அப்படிப் பெருகிய மான்கள் பல்லாயிரக்கணக்கில் ரோட்டில் கார் மோதிச் சாகின்றன. அந்தச் சாவைப் பற்றிக் கவிதை எழுத ஆளில்லை.

கணக்குக் காட்டி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. மூன்று கோடி என்பதால் அந்த ஒன்று சாகவில்லை என்றாகாது. நண்பரின் இரக்கத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை; அந்த இரக்கத்துக்கு மானைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் இருப்பதுதான் ஆட்சேபம். எந்த மரத்தின் கொட்டையைத் தின்னும், எப்படிக் காலை உதைக்கும், எந்த ரத்தத்துக்கு எத்தனை மணி நேரம் என்று ஒன்றும் வேண்டாம். ‘மான்’ என்று எழுதினால் போதும், இரக்கம் தானாகவே சுரக்கும். யாப்பு தளர்ந்தபின் நம் கவிதைக்குள் நிறையப் பிராணிகள் வந்தன என்கிறார்கள். பெயர்கள் வந்தன. ஓரியின் ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் துளைத்தது என்று புறநானூற்றில் பாடினார் வன்பரணர். அது அசாத்தியமான புகழ்ச்சிதான், அம்பின் பலத்தைப் பாடுகிற காரியம்தான். இருந்தாலும் கடைசியில் உடும்பு புற்றில் கிடக்கிறது என்று இடம் சொல்லத் தெரிந்திருந்தது அவருக்கு.

வில்லாளிகளிடம் கேட்க ஒன்று பாக்கி இருக்கிறது. மேரிலாந்தில் ஒரு கடற்படைத் தளத்தில் 1989 முதல் 2006 வரை, அம்பு பட்ட ஒவ்வொரு மானையும் கணக்கெழுதி வைத்தார்கள். பட்டவற்றில் நூற்றுக்குச் சுமார் 18 கைக்குக் கிடைக்கவில்லை. கப்பிவில்லுக்கும் குறுக்குவில்லுக்கும் இதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. போப் அண்ட் யங் பதிவேடு கொம்பை அங்குலத்தால் அளந்து எழுதுகிறது. நான் கொன்றது பிணை, கொம்பு கிடையாது; இஷியின் வில்லாலேயே அடித்திருந்தாலும் அதற்கு அங்கே இடமில்லை. அது போகட்டும். புதரில் கிடந்த அந்தப் பதினெட்டை எழுதுவதற்கு அந்தப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறார்கள்?